மூன்றாவது ஆள்: முதுமை, பராமரிப்பு, தன்பாலீர்ப்பு

"நாங்க இங்க எல்லாரையும் ஒரே மாதிரிதான் பார்த்துக்கிறோம். யாருக்கும் வித்தியாசம் காட்டுறதில்ல."

இங்கிலாந்தில் முதியோர் இல்லம் நடத்துகிறவர்களிடம், உங்கள் இல்லத்தில் தன்பாலீர்ப்பாளர்களோ திருநர்களோ இருக்கிறார்களா, அவர்களுக்கென்று என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும். கெட்ட எண்ணத்தில் சொல்வதல்ல இது. சொல்கிறவர்கள் நல்லவர்கள், கொஞ்சம் பெருமையோடுகூடச் சொல்கிறார்கள். அதனால்தான் இந்த வாக்கியத்தை ஒரு பிரதியாக எடுத்து வாசிக்க வேண்டியிருக்கிறது. ஒரே மாதிரி என்றால் எந்த மாதிரி? யாருடைய மாதிரி?

இல்லத்தில் சேர்க்கும் அன்று ஒரு படிவம் நிரப்புகிறார்கள். கணவர் அல்லது மனைவி உயிரோடு இருக்கிறாரா? எத்தனை பிள்ளைகள்? பேரப்பிள்ளைகள்? அடுத்த உறவினர் யார்? படிவத்தோடு முடிவதில்லை. மாலையில் தேநீர் கொடுக்கிற பெண் அன்பாகப் பேச்சுக் கொடுக்கிறாள்: "உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்த்தார்?" நாற்பது வருடம் இன்னொரு பெண்ணோடு வாழ்ந்து அவளைப் புதைத்துவிட்டு வந்திருக்கிற எண்பது வயதுக்காரி இந்தக் கேள்விக்கு என்ன சொல்வாள்? பொய் சொல்லலாம். சும்மா இருந்துவிடலாம். அல்லது, வந்த முதல் வாரத்திலேயே, யாரென்றே தெரியாத ஒருத்தியிடம் தன் வாழ்க்கையை ஒரு பிரகடனமாக வெளியிட வேண்டும். பக்கத்து நாற்காலியில் இருப்பவளுக்கு வெறும் அரட்டையாக இருப்பது இவளுக்கு வாக்குமூலம். 'ஒரே மாதிரி' என்பதன் அளவுகோல் இங்கே தெரிகிறது. எதிர்பாலில் மணம் முடித்து, பிள்ளை பெற்று, துணையை இழந்த ஒரு முதிய உடல் அது. மற்றவர்களையும் அந்த அளவுக்கே வெட்டித் தைக்கிறார்கள்.

'ஓரினச் சேர்க்கை' என்றுதான் நாம் வெகுகாலம் எழுதிக்கொண்டிருந்தோம். அந்தச் சொல் ஆளைப் பார்ப்பதில்லை, செயலை மட்டும் பார்க்கிறது. "எண்பது வயசுல இதெல்லாம் என்ன பேச்சு?" என்று ஒருவர் கேட்டால் அவர் அந்தச் சொல்லுக்குள்ளிருந்துதான் கேட்கிறார். செயல் நின்றுபோயிருக்கலாம், நிற்காமலும் இருக்கலாம். மிஞ்சுவது ஒரு வாழ்க்கை. படுக்கையோரப் புகைப்படம், செத்துப்போன காதலனின் பிறந்த நாள், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போகிற நண்பர்கள், ஒரு குறிப்பிட்ட வகைக் கேலிப் பேச்சு. இதைத்தான் இல்லத்தின் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதுதான் விஷயம்.

இன்று எண்பதைத் தாண்டிய ஒரு ஆங்கிலேய ஆணை எடுத்துக்கொள்வோம். அவன் இளைஞனாக இருந்தபோது அவனுடைய ஆசை ஒரு குற்றம். 1957இல் வுல்ஃபென்டன் குழு, வயதுவந்த ஆண்களின் தனிப்பட்ட உறவில் குற்றவியல் சட்டத்துக்கு வேலையில்லை என்று பரிந்துரைத்தது. பத்து வருடம் கழித்து, 1967இல், பாலியல் குற்றங்கள் சட்டம் வந்தது. விடுதலை என்று கொண்டாடப்படுகிற சட்டம் இது. என்ன கொடுத்தது? இருவருக்கும் 21 வயது ஆகியிருக்க வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் மட்டும். ஸ்காட்லாந்துக்கு 1980 வரையிலும் வடக்கு அயர்லாந்துக்கு 1982 வரையிலும் கிடையாது. ராணுவத்தில் இருப்பவனுக்குக் கிடையாது. முக்கியமாக, அது 'தனிமையில்' நடக்க வேண்டும். தனிமை என்றால் என்னவென்று சட்டமே விளக்கம் கொடுத்தது: இரண்டு பேருக்கு மேல் அங்கே இருந்தால் அது தனிமை அல்ல. பொதுக் கழிப்பிடமும் தனிமை அல்ல. மூன்றாவது ஆள் வந்துவிட்டால் மறுபடி குற்றம். அந்த வகைக் குற்றத்துக்கான தண்டனைகள் 1967க்குப் பிறகு குறையவில்லை, கூடின. தனிமையைப் பற்றிய அந்த வரிகள் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் நீங்கின.

ஆக, ஒரு தலைமுறைக்கு அரசு கொடுத்த இடம் ஓர் அறை. கதவைச் சாத்திக்கொள், திரைச்சீலையை இழுத்துவிடு, ரெண்டு பேர் மட்டும் இரு, நாங்கள் கண்டுகொள்ள மாட்டோம். உரிமை என்று இதைச் சொல்ல முடியாது, சகிப்பு என்று சொல்லலாம். அந்தச் சகிப்பின் மேல்தான் இவர்கள் முப்பது, நாற்பது வருடம் வாழ்க்கையைக் கட்டினார்கள்.

பெண்களின் கதை வேறு. அவர்களைக் குற்றவாளியாக்கும் முயற்சி 1921இல் பிரபுக்கள் சபையில் தோற்றது. அப்படி ஒரு விஷயம் இருப்பதையே பெண்களுக்குத் தெரிய வைத்துவிடுவோமோ என்ற பயம் அந்த விவாதத்தில் ஓடியது. சட்டம் அவர்களைத் தண்டிக்கவில்லை, இருப்பதாகவே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மணவிலக்கு வழக்குகளில், தாய் இன்னொரு பெண்ணோடு வாழ்கிறாள் என்று தெரிந்தால் பிள்ளைகளைத் தகப்பனிடம் கொடுத்துவிடுவது குடும்ப நீதிமன்றங்களில் சாதாரணமாக நடந்தது. வீட்டுக்கு விசாரிக்க வந்தவர் சமூகநல அலுவலர். இன்று அதே பெண்ணுக்கு முதுமையில் என்ன உதவி தேவையென்று மதிப்பிட, கையில் படிவத்தோடு கதவைத் தட்டுகிறவரும் சமூகநல அலுவலர்தான். கதவைத் திறக்கிறவளுக்கு முதலில் என்ன ஞாபகம் வரும்?

முதுமை என்பது மூன்றாவது ஆள் எப்போதும் அறைக்குள் இருக்கிற நிலை. என் வாதம் இவ்வளவுதான். குளிப்பாட்ட ஒருவர், உடுத்திவிட ஒருவர், மாத்திரை கொடுக்க ஒருவர், இரவில் மூச்சு வருகிறதா என்று பார்க்க ஒருவர். இல்லத்து அறைக்குத் தாழ்ப்பாள் இருந்தாலும் வெளியிலிருந்து திறக்க முடியும், பாதுகாப்புக்காக. தனிமையில் மட்டுமே அனுமதிக்கப்பட்ட ஒரு வாழ்க்கை, தனிமை என்பதே இல்லாமல் போகிறபோது எங்கே போய் நிற்கும்? ஃபூக்கோவின் கண்காணிப்புக் கோபுரத்தை எல்லாவற்றுக்கும் இழுத்துக்கொண்டு வருவது நம் சிறுபத்திரிகைகளில் சலித்துப்போன வழக்கம். இங்கே அந்தக் கோபுரம் தேவையில்லை. துவாலையோடு நிற்கிற அன்பான கைகளே போதும். தண்டிக்கிற பார்வையிலிருந்து தப்பப் பழகியவர்களுக்கு, உதவுகிற பார்வையிலிருந்து தப்பும் வழி தெரிவதில்லை.

இல்லத்துக்குப் போகாமல் சொந்த வீட்டிலேயே பராமரிப்பு பெறுகிறவர்களும் தப்புவதில்லை. உதவியாள் காலை எட்டு மணிக்கு வருகிறாள் என்றால் ஏழரைக்கே தயாரிப்பு தொடங்கிவிடுகிறது. சுவரில் இருந்த படம் மேசை இழுப்பறைக்குள் போகிறது. அலமாரியில் சில புத்தகங்கள் முதுகு உள்ளே தெரியும்படி திரும்புகின்றன. இரட்டைக் கட்டில் கிடக்கும் அறையோடு இன்னொரு அறையிலும் படுக்கை விரிக்கப்படுகிறது, 'தோழி'யின் அறையாக. அவள் போன பிறகு எல்லாம் பழைய இடத்துக்கு வருகின்றன. முட்டிவலியோடு தினமும் இதைச் செய்ய வேண்டும். ஒருநாள் செய்ய முடியாமல் போகிறது. அன்றிலிருந்து படம் இழுப்பறையிலேயே இருந்துவிடுகிறது.

"இப்பத்தான் எல்லாம் மாறிடுச்சே, சட்டம் வந்துடுச்சே" என்று கேட்கலாம். வந்திருக்கிறது, மறுக்க வேண்டியதில்லை. குடிமுறைக் கூட்டுறவுச் சட்டம் 2004, சமத்துவச் சட்டம் 2010, முதல் தன்பால் திருமணங்கள் 2014 மார்ச்சில். சமத்துவச் சட்டப்படி வயது, பாலியல் நாட்டம், பாலினமாற்றம் ஆகிய மூன்றின் பேரிலும் சேவையில் பாகுபாடு காட்டக் கூடாது. ஆனால் உடல்கள் நாடாளுமன்றத்தின் நாட்காட்டிப்படி பயத்தை விடுவதில்லை. அதிலும் மருத்துவமனை என்ற இடத்தின் மீது இவர்களுக்கு இருக்கிற பயத்துக்கு வரலாறு உண்டு. ஐம்பதுகளிலிருந்து எழுபதுகள் வரை பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை மருத்துவமனைகளிலேயே 'வெறுப்பேற்றும் சிகிச்சை' நடந்தது. ஆண் படத்தைக் காட்டி மின் அதிர்ச்சி கொடுப்பது, அல்லது அபோமார்ஃபின் என்ற வாந்தி மருந்தை ஏற்றிவிட்டுப் படம் காட்டுவது. நீதிமன்றம் அனுப்பியவர்கள் உண்டு, வெட்கத்தில் தாங்களே போனவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990இல். அதாவது இன்று எழுபத்தைந்து வயதானவர் தன் நாற்பதாவது வயதுவரை மருத்துவத்தின் பார்வையில் ஒரு நோயாளி. இவர் நெஞ்சுவலிக்கு மருத்துவமனைக்குப் போகத் தயங்கினால் அதற்கு அறியாமை என்று பெயர் வைக்கக்கூடாது.

திருநர் விஷயத்தில் 'ஒரே மாதிரி' என்பது நேரடியாக உயிரோடு விளையாடுகிறது. இங்கிலாந்தில் ஆண் என்று பதிவானவர்களுக்கு 65 வயதில் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கான பரிசோதனை அழைப்பு தானாக வரும். வெடித்தால் ஆள் பிழைப்பது அரிது, முன்பே கண்டுபிடித்தால் காப்பாற்றலாம். திருநங்கை ஒருவர் தன்னைப் பெண் என்று பதிவு செய்துகொண்டிருந்தால் அந்த அழைப்பு வராது, தமனி மாறிவிடவில்லை. ஆண் என்று பதிவான திருநம்பிக்குக் கருப்பைவாய் இருந்தாலும் அதற்கான பரிசோதனை அழைப்பு தானாக வராது. கேட்டு வாங்க வேண்டும். கேட்பதற்கு முதலில் சொல்ல வேண்டும். கணினியில் இருப்பது ஒரே ஒரு கட்டம்: ஆண், பெண். அந்தக் கட்டத்திலிருந்துதான் உடலின் எல்லா உறுப்புகளையும் இயந்திரம் ஊகித்துக்கொள்கிறது.

பராமரிப்பின் பொருளாதாரத்தைப் பேசாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. பிரிட்டனில் மருத்துவம் 1948 முதல் இலவசம். ஆனால் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது மருத்துவம் அல்ல; அது 'சமூகப் பராமரிப்பு'. இங்கிலாந்தில் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பு அது, அதுவும் சொத்தையும் வருமானத்தையும் பார்த்துத்தான். மீதியை யார் செய்வது? மனைவி, மகள், மருமகள். கணக்கில் வராத அந்த உழைப்பின் மேல்தான் மொத்த அமைப்பும் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டோன்வால் அமைப்பு 2011இல் வெளியிட்ட, 55 வயதைத் தாண்டிய இரண்டாயிரம் பேருக்கு மேல் கேட்டு எடுத்த கணக்கெடுப்பைப் பாருங்கள். எதிர்பாலீர்ப்பாளர்களில் கிட்டத்தட்டப் பத்தில் ஒன்பது பேருக்குப் பிள்ளைகள் உண்டு. தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்புப் பெண்களில் பாதிப் பேருக்கு, ஆண்களில் கால்வாசிக்குச் சற்று மேல். தனியாக வசிப்பவர்கள் இங்கே 41 சதவீதம், அங்கே 28. (இந்தக் கணக்கில் திருநர் இல்லை. அந்த அமைப்பு 2015 வரை திருநர் பிரச்சினையைக் கையிலெடுக்கவே இல்லை. விளிம்புக்கும் ஒரு விளிம்பு உண்டு.) ஆக, மகளின் உழைப்பை அனுமானித்துக் கட்டிய அமைப்பில், மகள் இல்லாதவர்கள் சீக்கிரமாக அந்நியர் கையில் போய்ச் சேருகிறார்கள். அந்நியரைக் கண்டு பயப்பட அதிகக் காரணம் உள்ளவர்களும் இவர்களேதான்.

இவர்களுக்குக் குடும்பம் இல்லை என்று சொல்ல வரவில்லை. இருந்தது. அதைச் சட்டம் போட்டுப் பொய் என்றார்கள். 1988ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, உள்ளூராட்சி மன்றங்கள் தன்பாலீர்ப்பை ஊக்குவிக்கக் கூடாது என்றது. அதை ஒரு 'பாசாங்குக் குடும்ப உறவாக' ஏற்கும்படி பள்ளிகளில் கற்பிக்கக் கூடாது என்றது. பாசாங்கு! அந்தப் பிரிவின் கீழ் யார் மீதும் வழக்கு நடந்து தண்டனை வரவில்லை, தேவையும் இருக்கவில்லை. அதிகாரிகள் தாங்களே வாயை மூடிக்கொண்டார்கள். இங்கிலாந்தில் 2003 வரை அது இருந்தது. முதியோர் பராமரிப்பும் அதே மன்றங்களின் கையில் இருந்ததை இங்கே மறந்துவிடக் கூடாது. அந்த வருடங்கள்தான் எய்ட்ஸின் உச்சம். பெற்ற குடும்பம் கைவிட்ட இளைஞர்களை மாற்றி மாற்றி ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டு, மலம் அள்ளி, கடைசி மூச்சுவரை கூட இருந்தவர்கள் இந்த நண்பர் கூட்டம்தான். செத்த பிறகு பெற்றோர் வந்து உடலை எடுத்துக்கொண்டு போனார்கள். இழவு வீட்டில் காதலன் 'ஒரு சிநேகிதன்' ஆனான். பராமரிப்பு என்றால் என்ன என்பதில் பிரிட்டனில் யாருக்காவது பாடம் எடுக்கத் தகுதி உண்டென்றால் அது இந்தத் தலைமுறைக்குத்தான். இப்போது அவர்கள் படுக்கையில் கிடக்கும்போது, அந்த நண்பர் கூட்டத்துக்குப் படிவத்தில் இடமில்லை.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. 'அடுத்த உறவினர்' என்பதற்கு ஆங்கிலச் சட்டத்தில், உயிரோடு இருக்கிற ஒரு நோயாளியைப் பொறுத்தவரை, வரையறையே கிடையாது. யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். அப்படி எழுதப்பட்டவருக்கு நோயாளியின் சார்பில் முடிவெடுக்கும் அதிகாரமும் கிடையாது. அந்த அதிகாரம் வேண்டுமானால் மனத்திறன் சட்டம் 2005இன்படி, புத்தி தெளிவாக இருக்கும்போதே உடல்நலத்துக்கான நிரந்தர அதிகாரப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும், நண்பருக்கும் எழுதலாம். ஆனால் வார்டில் நடப்பது வேறு. இருபது வருடமாகத் தொடர்பே இல்லாத அண்ணன் மகன் வந்து நின்றால் அவனிடம் பேசுகிறார்கள். பக்கத்தில் தினமும் உட்கார்ந்திருப்பவனிடம், "நீங்க யாரு?" சட்டத்தில் இல்லாத ஒரு அதிகாரம் ஒரு காகிதக் கட்டத்தின் பழக்கத்தினாலேயே நடக்கிறது. கருத்தியல் என்று நாம் பக்கம் பக்கமாக எழுதியது இதைத்தானே.

மறதி நோய் வந்துவிட்டால் இன்னும் கொடுமை. மறதி நோயில் பெரும்பாலும் அண்மைக்கால நினைவு முதலில் போகிறது, பழையது தங்குகிறது. இவர்களுக்கு அண்மைக்காலம் என்பது விடுதலையின் காலம். பழையது என்பது போலீஸின் காலம். சட்டம் மாறியதையும், தான் ஊர்வலம் போனதையும், திருமணம் செய்துகொண்டதையும் மறந்துவிட்டு ஒருவர் 1960க்குத் திரும்பிப் போய்ச் சீருடை போட்டவர்களைக் கண்டு நடுங்கலாம். எதிர்ப்பக்கமாகவும் நடக்கும்: ஒளிக்க வேண்டும் என்பதே மறந்துபோய், ஐம்பது வருடமாகக் காத்த பெயரைச் சாப்பாட்டுக் கூடத்தில் உரக்கக் கூப்பிடலாம். திருநங்கை ஒருவருக்குத் தினமும் முகம் மழிக்க வேண்டும் என்பதைத் தானே செய்ய முடியாமல்போனால், அதைக் குறிப்பில் எழுதி வைத்துச் செய்துவிட ஆள் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டே வாரத்தில் கண்ணாடியில் வேறொருவர் நிற்பார்.

துவாலை பிடித்திருக்கிற அந்தக் கை யாருடையது என்றும் பார்க்க வேண்டும். வீட்டுப் பராமரிப்பில் ஒரு வருகைக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குவது அங்கே பெரிய சர்ச்சையான வழக்கம். பயண நேரத்துக்குச் சரியாகக் கூலி கொடுக்காமல் ஏமாற்றுவதும் உண்டு. ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசாவைத் திறந்துவிட்டார்கள். நைஜீரியா, ஜிம்பாப்வே, இந்தியா என்று ஆயிரக்கணக்கில் போனார்கள், பெரும்பாலும் ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டி. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை மூடிவிட்டார்கள். 'வெளிநாட்டுப் பணியாளர்களின் மதநம்பிக்கைதான் பிரச்சினை' என்று ஒரு பேச்சு எளிதாக எழும். இதை அப்படியே விழுங்க முடியாது. இயற்கைக்கு மாறான குற்றம் என்று 377ஆம் பிரிவை எழுதி 1860இல் நம் தலையில் கட்டியது யார்? நைஜீரியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் அந்த வகைச் சட்டத்தைக் கொண்டுபோனது யார்? ஏற்றுமதியான சட்டத்தின் நிழலில் வளர்ந்த பெண், ஏற்றுமதி செய்த நாட்டின் கிழவரைக் குளிப்பாட்டப் போகிறாள். அவளுக்குப் பயிற்சி வேண்டும், சரி. ஆனால் பதினைந்து நிமிடத்தில் எந்தப் பயிற்சியும் வேலை செய்யாது. ஒருவர் தன் வாழ்க்கையைச் சொல்ல எடுத்துக்கொள்கிற நேரத்துக்கு அங்கே கூலி கிடையாது.

மாற்று என்ன? தனி இல்லம் ஒரு பதில். லண்டன் வாக்ஸாலில், தேம்ஸ் கரையில் பேங்க்ஹவுஸ் என்ற கட்டடத்தில் டோனிக் அமைப்பு 2021இல் திறந்தது பிரிட்டனில் இந்த வகையில் முதலாவது. லண்டன் மேயர் நிதியிலிருந்து 57 லட்சம் பவுண்டு கடன், 19 வீடுகள். பெர்லினில் 2012லேயே 'லேபென்ஸ்ஓர்ட் ஃபீல்ஃபால்ட்' வந்துவிட்டது. அதில் பராமரிப்பு தேவைப்படும் எட்டு ஆண்கள் சேர்ந்து வாழ ஒரு குடியிருப்பும் உண்டு. நாஜிகள் இறுக்கிய 175ஆம் பிரிவை மேற்கு ஜெர்மனி 1969 வரை அப்படியே வைத்திருந்தது. அப்படிப்பட்ட நாட்டில் இதன் கனம் வேறு. சேரி என்று இதைச் சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லத் தயாராக இல்லை; கடைசிக் காலத்திலாவது விளக்கம் சொல்லாமல் இருக்கும் சுகம் சிறிய விஷயமல்ல. ஆனால் பத்தொன்பது வீடுகள் எத்தனை பேருக்கு? வீடு வாங்கக் கையில் பணம் இருப்பவருக்குத்தான் அந்தக் கதவு முதலில் திறக்கும். மற்றவர்கள் தெருமுனையில் இருக்கிற சாதாரண இல்லத்துக்குத்தான் போவார்கள். ஆகவே சாதாரண இல்லம்தான் மாற வேண்டும். வானவில் கொடி ஒட்டுவதைவிட, "உங்க வாழ்க்கையில முக்கியமானவங்க யாரு?" என்று கேள்வியை மாற்றிக் கேட்பது அதிகம் செய்யும். பிறகு, பதில் வரும்வரை காத்திருப்பதும், வராவிட்டால் அதையும் மதிப்பதும்.

நமக்கு இதில் என்ன? தனிமையின் தர்க்கம் இங்கேயும் வந்து சேர்ந்திருக்கிறது. 2009இல் டெல்லி உயர்நீதிமன்றம் 377ஐத் தளர்த்தியபோது, வயதுவந்தோர் 'தனிமையில்' சம்மதத்தோடு செய்வது என்றுதான் எழுதியது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டி, 2018இல் தன்னைத் திருத்திக்கொண்டது. இடையில் 2017இல் அந்தரங்க உரிமைத் தீர்ப்பு வந்து வழிவிட்டது. ஆனால் நம் ஊரில் கிழவனுக்கு ஏது தனி அறை? திண்ணையும் கூடத்து மூலையும்தான். அரசு மருத்துவமனையில் கையெழுத்து போட வரச் சொல்வது, "பேஷண்டுக்கு நீங்க என்ன உறவு?" என்ற கேள்வியோடுதான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 மட்டும், ரத்த உறவு இல்லாத ஒருவரையும் தன் பிரதிநிதியாக நியமித்துக்கொள்ள நோயாளிக்கு உரிமை தந்திருக்கிறது. 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று சொன்னது. இதைத் திருநங்கைகள் நீதிமன்றத்துக்கு முன்பே அறிவார்கள். தத்தெடுத்த அம்மாவுக்கு மகள் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதும், படுத்துவிட்டால் புரட்டிப் போடுவதும், செத்தால் எடுத்துப் போடுவதும் அங்கே முறையாக நடக்கிறது. அந்த மகள் ஆஸ்பத்திரி வார்டு வாசலில் நிற்கும்போது, காவலாளி முதலில் கேட்பது "நீ யாரு?" என்றுதான்.